லண்டன் தமிழ்ச் சபையை ஊடகம் வழியாக அக்கம்பக்கத்துக்குக் கொண்டுபோவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"நல்ல கேமரா ஒன்று சொல்லுங்கள் அண்ணா" என்றுதான் எல்லாச் சபையிலிருந்தும் முதலில் கேட்கிறார்கள். இந்த வழிகாட்டியில் கேமரா ஐந்தாவது படியில்தான் வருகிறது, அதுவும் கடைசிப் பத்தியில். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறேன். கேமராவில் தொடங்கிய சபைகளை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நேரலை ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் புது முகம் ஒன்றும் இருக்காது. விசாரித்து எழுதியவர்களுக்கு யாரும் பதில் போட்டிருக்க மாட்டார்கள்.

இது இங்கிலாந்தில், முக்கியமாக லண்டனில், பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்தோ ஆங்கிலச் சபையின் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டோ கூடும் சிறிய தமிழ்ச் சபைகளுக்காக எழுதியது. ஐம்பது அறுபது பேர், சம்பளமில்லாத உதவியாளர்கள், கையில் கொஞ்சம் பணம். அந்த அளவுக்குத்தான் கீழே சொல்லும் எல்லாம்.

1. யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நேரலையைப் பார்ப்பவர்கள் மூன்று வகை. சபைக்கு வர முடியாத உங்கள் சொந்த ஆட்கள்: ஞாயிறு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள், நோயாளிகள், பிள்ளை பெற்ற தாய்மார். ஊரில் இருக்கும் உறவினர்கள்: யாழ்ப்பாணம், திருநெல்வேலி, சென்னை. மூன்றாவது, உங்கள் மண்டபத்துக்கு ஒரே பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில் இருந்தும் உங்களைப் பற்றி இன்னும் கேள்விப்படாத தமிழர்கள்.

முதல் இரண்டு வகைக்கும் செய்வது நல்ல ஊழியம்தான். ஆனால் சபை வளர்வது மூன்றாவது வகையால். இந்த மூன்றையும் ஒரே வீடியோவால் சமாளிக்கப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மூன்று மணி நேர நேரலையை உங்களைத் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்க்க மாட்டார். அவருக்கு ஒரு நிமிட வீடியோவும், முகவரியும், பேசுவதற்கு ஒரு மனிதரும் வேண்டும்.

அதனால் ஒரு தாளில் எழுதுங்கள்: நாங்கள் எட்ட நினைப்பது ஈஸ்ட் ஹாமா, டூட்டிங்கா, ஹாரோவா, குரோய்டனா? அங்குள்ள தமிழர்கள் பெரும்பாலும் இலங்கையிலிருந்து வந்தவர்களா, சமீபத்தில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்களா? பேச்சு வழக்கு, கூட்ட நேரம், பிள்ளைகளின் மொழி எல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்து மாறும்.

2. பதில் சொல்ல ஆளை நியமியுங்கள்

கேமராவுக்கு முன் இது ஏன்? வீடியோ பார்த்து ஒருவர் எழுதினால், அவர் அதற்கு முன் எத்தனை நாள் யோசித்தாரோ தெரியாது. அன்றே பதில் போகாவிட்டால் பெரும்பாலும் அந்தத் தொடர்பு முடிந்தது.

சபைக்கென்று தனி சிம், அதில் வாட்ஸ்அப் பிசினஸ். போதகரின் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். அவர் இறுதிச் சடங்கில் இருக்கும்போதும் அது அடித்துக்கொண்டே இருக்கும். குறைந்தது ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு பேர் வாரம் மாற்றிப் பார்க்கட்டும். பெண்கள் சில விஷயங்களை ஒரு அக்காவிடம்தான் சொல்வார்கள்.

வரும் கேள்விகளில் வேதாகமச் சந்தேகம் குறைவுதான். "எத்தனை மணிக்கு? பார்க்கிங் இருக்கா? பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் வகுப்பு உண்டா? நான் இந்து, வரலாமா?" இவைதான் அதிகம். பதில்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

இன்னொன்றும் வரும்: அகதி விண்ணப்பத்துக்கு சபையிலிருந்து கடிதம். அதைக் கேட்கும் முன்பே மூப்பர்கள் கூடி ஒரு விதி வைத்துவிட வேண்டும். எங்கள் விதி இதுதான்: நேரில் பார்த்ததை மட்டும் எழுதுவோம், எந்த மாதத்திலிருந்து வருகிறார், எதில் பங்கெடுத்தார் என்று. நேரலை பார்த்தார் என்பது வருகை ஆகாது. கேட்டவர் அழுதபடி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது விதி உருவாக்க முடியாது.

புதியவர்களை நேரே சபையின் வாட்ஸ்அப் குழுவில் சேர்க்காதீர்கள். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான், உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே முதல் பதிலிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிடுங்கள்.

3. காகித வேலை: இதைத் தாண்டிப் போக முடியாது

இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனித்து இயங்கும் சபையின் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால், அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் சாரிட்டி கமிஷனில் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாமல் இணையத்தில் காணிக்கை கேட்கத் தொடங்கினால், தெரியாதவர்கள் சந்தேகப்படுவது நியாயம்தான்.

மண்டபம். வாடகை ஒப்பந்தத்தில் படம்பிடிக்க அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிகளில் சுவரில் பிள்ளைகளின் பெயரும் படமும் ஒட்டியிருக்கும். அவை கேமராவில் விழக்கூடாது. எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனிமனிதத் தகவல். பிரிட்டனின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் மத நம்பிக்கை கூடுதல் பாதுகாப்புள்ள தகவல். உடல்நிலையும் அப்படியே. ஒருவர் ஆராதனையில் கைதூக்கி நிற்கும் படமே அவருடைய மதத்தைச் சொல்லிவிடுகிறது. நம் ஆட்களில் சிலருக்கு இது வெறும் சட்டப் பிரச்சினை அல்ல. வீட்டில் இன்னும் சொல்லாமல் சபைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். ஊரில் யாருக்கும் இருப்பிடம் தெரியக்கூடாதவர்கள் இருப்பார்கள்.

ஆகவே கேமராவை மேடையை மட்டும் பார்க்க வையுங்கள். பின்வரிசையில் இடதுபக்கமோ வலதுபக்கமோ "இங்கே படம்பிடிப்பதில்லை" என்று அட்டை வைத்து ஒரு பகுதி ஒதுக்குங்கள். வாசலிலேயே அறிவிப்பு ஒட்டுங்கள். தெரிந்தவர்களுக்கு மட்டும் சொன்னால் புதியவர் அறியாமல் முன்வரிசையில் போய் உட்காருவார்.

ஜெபக் குறிப்புகள்தான் பெரிய கண்ணி. எங்கள் சபையில் ஒரு ஞாயிறு, மேடையிலிருந்து ஒரு அக்காவின் பெயரையும் அவருக்கு இருந்த நோயையும் சொல்லி ஜெபித்தார்கள். அன்பாகத்தான் செய்தார்கள். நேரலையை ஊரில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய அம்மாவுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆராதனை முடியும் முன்பே அக்காவின் போன் அடித்தது. அன்றிலிருந்து ஜெபக் குறிப்பு நேரத்தில் நேரலையில் ஒரு அட்டையைப் போட்டு ஒலியை நிறுத்திவிடுகிறோம்.

பிள்ளைகள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முகம் வேண்டாம், பெயர் வேண்டவே வேண்டாம். கிறிஸ்துமஸ் நாடகம் வரும்போது எல்லோரும் இதை மறந்துவிடுவார்கள். நவம்பரிலேயே படிவம் கொடுத்துவிடுங்கள்.

பாட்டு. ஆராதனையில் பாடுவதற்கு, பாடல் உரிமைக் கட்டணம் வசூலிக்கும் பிஆர்எஸ் அமைப்பு கட்டணம் கேட்பதில்லை. அதை நம்பி நேரலையிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வரிகளைத் திரையில் போட ஒரு உரிமம், நேரலையில் பாட இன்னொரு உரிமம். இரண்டையும் சிசிஎல்ஐ என்ற அமைப்பு தருகிறது, கட்டணம் சபையின் அளவைப் பொறுத்தது. ஆனால் நாம் பாடும் தமிழ்ப் பாடல்கள் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கும் என்று எண்ணாதீர்கள். பட்டியலில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் பாடலாசிரியருக்கோ வெளியீட்டாளருக்கோ ஒரு மின்னஞ்சல் போட்டு அனுமதி கேளுங்கள்.

பழைய கீர்த்தனைகளில் இந்தச் சிக்கல் இல்லை. பிரிட்டனில் ஒரு பாடலின் உரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரைதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் மறைந்தது 1864-இல். அவர் பாட்டை யாரும் நேரலையில் பாடலாம், நீங்களே வாசித்துப் பாடும் வரை. யாரோ பதிவு செய்த மைனஸ் டிராக்கை, அதாவது குரல் இல்லாத பின்னணி இசையை, ஓடவிட்டால் அந்தப் பதிவின் உரிமை வேறு. யூடியூப் அதைக் கண்டுபிடித்து நேரலையை நடுவிலேயே நிறுத்தவும் கூடும்.

குணமாகும் என்ற வாக்குறுதி. "இந்தக் கூட்டத்துக்கு வந்தால் சர்க்கரை நோய் தீரும்" என்ற தோரணையில் போஸ்டரோ பதிவோ போடாதீர்கள். விளம்பரத் தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்ஏ, துண்டுப் பிரசுரத்தை மட்டுமல்ல, சபையின் சொந்த இணையப் பக்கத்தில் செய்யும் விளம்பரத்தையும் பார்க்கும். அதைவிட முக்கியம், யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டால் அது உங்கள் தலையில்தான். சாட்சி சொல்வது வேறு, விளம்பரம் செய்வது வேறு.

4. கணக்குகளைச் சபையின் பெயரில் திறங்கள்

சுறுசுறுப்பான ஒரு வாலிபர் தன் ஜிமெயிலில் சேனல் தொடங்குவார். இரண்டு வருடத்தில் வேலை மாறி மான்செஸ்டருக்கோ டொரோண்டோவுக்கோ போவார். போன் எண் மாறியிருக்கும், கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. நான் பார்த்த சபைகளில் இப்படிச் சேனலை இழந்தவை ஒன்றல்ல.

சபையின் மின்னஞ்சலில் தொடங்கி, இரண்டு பேரை உரிமையாளர்களாகவும் மற்றவர்களை மேலாளர்களாகவும் சேருங்கள். உரிமையாளர்களில் ஒருவர் டிரஸ்டியாக, அதாவது சபையின் சட்டப்படியான பொறுப்பாளராக, இருக்கட்டும். கணக்குப் பூட்டிக்கொண்டால் திறக்க உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்துக் காணிக்கைப் பெட்டி இருக்கும் அலமாரியில் பூட்டி வையுங்கள்.

புதுச் சேனலில் நேரலை வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். போன் செயலியிலிருந்து நேரலை செய்ய 50 சந்தாதாரர்களாவது வேண்டும். ஞாயிறு காலை தொடங்கலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான்.

5. இணையம், ஒலி, அப்புறம்தான் படம்

வரிசை இதுதான், காரணமும் எளிது. படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பிரசங்கம் கேட்காவிட்டால் அடுத்த நொடியே போய்விடுவார்கள்.

இணையம்: பள்ளி வைஃபையை நம்பாதீர்கள். நேரலை செல்லும் வழியைப் பள்ளி இணையத்தின் பாதுகாப்புச் சுவர் (ஃபயர்வால்) பெரும்பாலும் அடைத்திருக்கும். உலாவி வேலை செய்கிறதே என்று நினைப்பீர்கள், நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ் மட்டும் இணையாது. சிம் போடும் 4ஜி அல்லது 5ஜி ரூட்டர் ஒன்றைச் ஜன்னலோரம் வையுங்கள். 720பி தரத்துக்கு 3 முதல் 4 எம்பிபிஎஸ் போதும். பதிவேற்ற வேகம் அதைப்போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். வேகத்தை ஆராதனை நடக்கும் அதே நேரத்தில், அதே மண்டபத்தில், ஒரு ஞாயிறு முன்னதாகவே அளந்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை கிடைத்த வேகம் ஞாயிறு கிடைக்காது.

ஒலி: மிக்ஸரிலிருந்து மண்டப ஸ்பீக்கருக்குப் போகும் அதே ஒலியை நேரலைக்கு எடுப்பதுதான் வழக்கமான பிழை. சிறு மண்டபத்தில் டோலக்குக்கு மைக் தேவைப்படாது, அதுவே சத்தமாக இருக்கும். மிக்ஸரில் அது ஏறாததால் நேரலையில் டோலக்கே இல்லாமல் பாட்டு மட்டும் அந்தரத்தில் தொங்கும். சபையார் பாடும் குரலும் இருக்காது. மிக்ஸரில் ஆக்ஸ் எனப்படும் தனி வெளியீடு ஒன்றை நேரலைக்கு மட்டும் ஒதுக்கி, சபையை நோக்கி ஒரு மைக்கை வைத்து அதற்குள் மட்டும் சேருங்கள். அங்கிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்கு. ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர் வேறு வேலை பார்க்காமல் அதையே கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

படம்: கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ கேப்சர் கருவி வழியாக வரும் படம், ஒலியைவிடக் கொஞ்சம் தாமதமாக வரும். ஒருவரைக் கேமரா முன் நிறுத்திக் கைதட்டச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் சத்தம் முதலில் கேட்கும், கை பிறகு சேரும். அந்த வித்தியாசத்தை ஓபிஎஸ்ஸில் ஒலியைத் தாமதிக்கும் அமைப்பில் மில்லிசெகண்டாகப் போடுங்கள், இரண்டும் சேரும் வரை. ஓபிஎஸ்ஸின் அவுட்புட் அமைப்புகளில் கீஃப்ரேம் (முழுப் படம் அனுப்பும்) இடைவெளியை 2 வினாடியாக வையுங்கள். கேமராவுக்கு ஒரு நல்ல போனும் ஸ்டாண்டும் ஆரம்பத்துக்குப் போதும். மேடைக்கு இரண்டு விளக்கு வாங்கினால் அதே போன் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

6. ஞாயிறு: மண்டபம் திறந்ததிலிருந்து

மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதால் நேரம் இறுக்கமாகவே இருக்கும். முதலில் கேபிள்களைத் தரையில் ஒட்டுங்கள், நாற்காலி போட்ட பிறகு முடியாது. அடுத்து ஒலி, அடுத்து இணைப்பு, கடைசியில் கேமரா. ஆராதனைக்கு 20 நிமிடம் முன்பே இணைப்பு தெரிந்தவர் மட்டும் பார்க்கும் (அன்லிஸ்டட்) நேரலையாக ஒரு சோதனை செய்து, வேறொரு போனில் வெளி இணையத்தில் பாருங்கள்.

ஓபிஎஸ்ஸில் நேரலையோடு பதிவையும் இயக்குங்கள். இணைப்பு விழுந்தாலும் பிரசங்கம் கையில் இருக்கும்.

நேரம் அறிவிக்கும்போது ஒரு விஷயம். லண்டனில் மதியம் 2.30 என்றால் குளிர்காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 8.00, கோடையில் 7.00. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் இங்கே கடிகாரம் மாறுகிறது, இரண்டுமே ஆராதனை நாள். முந்தின வாரமே சொல்லாவிட்டால் ஊரிலிருந்து "இன்றைக்கு ஆராதனை இல்லையா?" என்று வரிசையாகச் செய்தி வரும்.

7. வார நடுவில்: சிறு வீடியோக்கள்

புதியவர்களை எட்டுவது இதுதான், நேரலை அல்ல. பிரசங்கத்திலிருந்து ஒரு நிமிடத்தை வெட்டுங்கள். யூடியூப் ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை ஏற்கும், ஆனாலும் ஒன்றே போதும். ஆரம்பத்தில் "அன்பானவர்களே, கர்த்தருடைய பரிசுத்த நாமத்தில்" என்று பத்து வினாடி போனால் பார்ப்பவர் விரலால் தள்ளிவிடுவார். நேராக விஷயத்தில் தொடங்குங்கள்.

ஆங்கில வரிகளைக் கீழே போடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது. அந்த மொழிபெயர்ப்பை வாலிபர்களிடமே கொடுங்கள். தானியங்கி வரிகளைச் சரிபார்க்காமல் விடாதீர்கள், நம் சபைத் தமிழை அவை படாதபாடு படுத்தும்.

பிரசங்கம் மட்டும் போதாது. "முதல் தடவை வந்தால் எப்படி இருக்கும்" என்று பஸ் நிறுத்தத்திலிருந்து மண்டப வாசல் வரை நடந்து காட்டும் வீடியோ ஒன்று எடுங்கள். கட்டடம் வெளியிலிருந்து பள்ளியாகத் தெரிவதால் பலர் வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள்.

எடிட்டிங் செய்யும் மாணவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்க நினைத்தால் நில்லுங்கள். பட்டப்படிப்பு மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை, சுயதொழிலுக்கு அனுமதியே கிடையாது. "அன்பளிப்பு" என்று பெயர் வைத்தாலும் ஒழுங்காகக் கொடுத்தால் அது சம்பளம்தான். உங்கள் நல்லெண்ணம் அவர் விசாவுக்கு ஆபத்தாகக்கூடாது.

8. அக்கம்பக்கத்தை எட்டுதல்

முதலில் கூகுள் மேப்பில் சபையைப் பதியுங்கள். செலவில்லை. "தமிழ் சர்ச்" என்று தேடுகிறவர் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டவர். மண்டபம் உங்களுடையது அல்ல என்பதால் கூடும் நேரத்தை மட்டும் போடுங்கள்.

ஃபேஸ்புக் விளம்பரத்தில் மதத்தை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. 2022 ஜனவரியிலேயே ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் அதை எடுத்துவிட்டது. மொழி தமிழ், மண்டபத்தைச் சுற்றிச் சில மைல் என்று வைத்தாலே போதும். வாக்குவாதம் கிளப்பும் பதிவுக்குப் பணம் போடாதீர்கள். கரோல் மாலை, குழந்தைகள் விடுமுறை வகுப்பு, தமிழ் வகுப்பு போன்ற அழைப்புக்குப் போடுங்கள்.

வானொலி, தொலைக்காட்சி நேரம் வாங்குவதை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். அங்கே பிரிட்டனின் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காமின் விதிகள் உண்டு. மத நிகழ்ச்சிக்கென்றே இருக்கும் சேனல் அல்லாத தொலைக்காட்சியில் ஆள் சேர்க்கும் விதமாகப் பேசக்கூடாது. உயிரோடு இருக்கும் ஒருவருக்குத் தனி வல்லமை உண்டு என்று சொல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. ஊரில் தொலைக்காட்சியில் பேசிப் பழகிய விருந்தினர் போதகரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். அவர் வழக்கம்போலப் பேசிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது சேனல்.

9. காணிக்கை

நேரலையில் வங்கி எண்ணை ஓடவிடுவதைக் குறையுங்கள். முதல்முறை பார்க்கிறவருக்கு அது தப்பாகப் படும். ஆராதனையின் காணிக்கை நேரத்தில் மட்டும் காட்டினால் போதும்.

காணிக்கைக்கான அரசின் வரிச் சலுகையான கிஃப்ட் எய்ட் வாங்க முடிந்தால் ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசிடமிருந்து சேரும். ஆனால் கொடுப்பவர் பிரிட்டனில் வரி கட்டுகிறவராக இருந்து, படிவத்தில் ஒப்புதலும் தர வேண்டும். ஊரிலிருந்து பார்த்துக் கொடுப்பவர்களின் பணத்துக்கு அதைக் கேட்டுவிடாதீர்கள். கணக்கைத் தனியாக வைக்காதவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

10. எதை எண்ணுவது

பார்வைகளை எண்ணாதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் நாடுவாரியாகப் பார்த்தால், நீங்கள் கொண்டாடிய வீடியோவைப் பார்த்தவர்களில் பெரும்பகுதி இந்தியாவாக இருக்கும். சந்தோஷம்தான், ஆனால் அவர்கள் ஞாயிறு டூட்டிங்குக்கு வரப்போவதில்லை.

ஒரு நோட்டில் நான்கு பத்தி போதும்: எழுதி விசாரித்தவர்கள், நேரில் வந்தவர்கள், மூன்றாவது முறை வந்தவர்கள், எப்படிக் கேள்விப்பட்டார்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். நான்காவது பத்தியை வாசலில் நிற்பவர் தேநீர் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்கட்டும்.

விசாரிப்பவர் பலர், வருகிறவர் சிலர் என்றால் இரண்டாவது படியில் கோளாறு: பதில் தாமதமாகிறது, அல்லது வழி தெரியவில்லை. வருகிறார்கள், மூன்றாவது முறை வருவதில்லை என்றால் எந்த வீடியோவும் உதவாது, மண்டபத்துக்குள் ஏதோ சரியில்லை. எங்கள் சபையில் இருந்தது இந்த மண்டபக் கோளாறுதான். திரும்பி வராதவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள். பிள்ளைகளுக்குத் தனி இடமில்லாமல் அம்மாமார் ஆராதனை முழுக்க நடைபாதையில் நின்றிருக்கிறார்கள். இரண்டாவது கேமராவுக்கு வைத்திருந்த பணத்தில் தடுப்புத் திரையும் விளையாட்டுப் பாயும் வாங்கினோம்.